பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

அம்மா என் முன்பல்லை உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தது. "கிருஷ்ணம்மா! சாப்பிட வா!" என்று சத்தமாகக் கூப்பிட்டபடி தோசைக்கரண்டியோடு திரும்பினேன். அவள் எனக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். நடப்பதற்காகக் கொடுத்த தொங்காட்டை, அந்த நாலு கால் அலுமினிய ஊன்றுகோலை, தலைகீழாகப் பிடித்திருந்தாள். அதன் ஒரு கால் என் வாய்க்குள் வந்து போனது.

பல் போய் சிங்க்கில் விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். அடுத்த அடி முதுகில் விழுந்தது. மூன்றாவதற்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாசமாப் போ, நாசமாப் போ" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தோசை கருகிப்போனது. அதையும் நான்தான் தின்றேன், ஒரு பக்கமாக மென்று.

பெற்ற தாயை எவனாவது பேர் சொல்லிக் கூப்பிடுவானா என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் பொறுங்கள்.

கோத்தா திங்கியில் இருக்கும் இந்த வீடு எங்கள் இருவருடையது. வீட்டுக் கிராண்டில், அதாவது பத்திரத்தில், கிருஷ்ணம்மா பாதி, மகன் கமலநாதன் பாதி என்று போட்டிருக்கும். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த சேமநிதியைப் போட்டாள், மீதிக்கு நான் பேங்கில் கடன் எடுத்தேன். பால் காய்ச்சிய அன்று, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவள் என்னை ஹாலின் நடுவில் நிற்க வைத்து ஒரு சட்டம் போட்டாள்.

"கமலா, நல்லாக் கேட்டுக்க. இந்த வீட்டுக்குள்ள யாரும் யாரு மேலயும் கை ஓங்கக் கூடாது. ஓங்குனவன் வெளிய போயிரணும். மவனா இருந்தாலும் சரி, நாளைக்கு வர்ற மருமவளா இருந்தாலும் சரி. பாதி வீடு என் பேருல இருக்கு. எனக்குச் சொல்ற உரிமை இருக்கு."

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். லாபிஸ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா ஐயாசாமி குலை வெட்டுபவர். அடிப்பார். கன்னத்தில் இரண்டு வைப்பார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்துக்கு மேலே ஒரு தழும்பு. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது தோட்டத்து லாரி கவிழ்ந்து அவர் செத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அன்றைக்கு அம்மா அழுதாளா என்று எனக்கு ஞாபகமில்லை. அடுத்த நாள் அவள் பழம் பொறுக்கப் போனது ஞாபகமிருக்கிறது.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு. சுவரில் மாலை போட்டிருக்கும் அப்பா படத்தையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீசையை வைத்துத்தான் யார் எவர் என்று சொல்லலாம். ஆறு மாதமாக மீசையும் விட்டிருக்கிறேன். அதே அகலக் கை. அதே மூக்கு நுனியில் வரும் கோபம். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் பாசிர் கூடாங் ஃபேக்டரி ஷிப்டைக் காரணம் சொல்வேன். பொய். என் கைக்குப் பயந்துதான் பண்ணவில்லை. கோபம் வந்தால் நான் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிடுவேன். வேலை செய்யும் இடத்தில் எனக்கு 'சாமியார்' என்று பேர்.

எட்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் தளர்ந்துவிட்டது. அதோடு புத்தியும் அங்கங்கே அறுந்து போனது. நான் மதிய ஷிப்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்துக்கு ஒரு இந்தோனேசிய அக்கா வந்து பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, துடைப்பது, மலம் கழுவுவது எல்லாம் காலையில் நான்தான். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். அப்புறம் பழகிவிட்டது. அம்மாவும் ஆடாமல் அசையாமல், எங்கோ பார்த்துக்கொண்டு கிடப்பாள். 'அம்மா, அம்மா' என்று நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்க்கும் மிஸி, ஐலீன் என்று ஒரு நர்ஸ், நம்ம ஆள்தான், ஜோகூர் பாரு டவுனில் வளர்ந்தவள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அங்கிள், சும்மா அம்மா அம்மான்னு கூப்புட்டா அவங்களுக்கு ஏறாது லா. எல்லாரும்தான் அம்மாங்கறாங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க. முகத்துக்கு நேரா நின்னு, சத்தமா, தெளிவா. பேரு, அப்புறம் என்னா நாளு, எங்க இருக்காங்க. தெனமும் செய்ங்க."

"பேரா? மிஸி, நீங்களே ஆன்ட்டின்னுதானே கூப்புடறீங்க?"

"எனக்குக் கூச்சமா இருக்கும்ல. நீங்க மகன், பரவால்ல."

என் நாக்கும் கூசத்தான் செய்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் சொல்லிப் பழகினேன். மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் கட்டிலுக்கு நேராக நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிருஷ்ணம்மா!" என்றேன்.

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

எழுந்து உட்கார்ந்ததோடு இல்லை. கண் முழுசாகத் திறந்தது, கழுத்து நிமிர்ந்தது, தளர்ந்த வலது கைகூட மடியில் சுருண்டது. எட்டுத் திசையிலும் தொலைந்து போயிருந்தவள் ஒரே கூப்பிடலில் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபோனில் சொன்னதும் மிஸி கைதட்டினாள். "பாத்தீங்களா அங்கிள், எவ்ளோ அலெர்ட்டாயிட்டாங்க!"

அன்றிலிருந்து ஐந்து மாதம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மருந்து கொடுப்பது போல நேரம் தவறாமல் என் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சண்டையும் அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. முதலில் கஞ்சியைத் துப்பினாள். அப்புறம் சூடான மைலோவை என் மார்பில் ஊற்றினாள். குளிப்பாட்டும்போது முன்கையைக் கடித்தாள், பல் பதிந்த இடத்தில் நாலு தையல். நடக்கத் தொடங்கியதும் தொங்காட் ஆயுதமானது. தலையணைக்கு அடியில் கத்தரிக்கோல் இருந்தது. வீட்டில் இருந்த பாராங் கத்தி, காய்கறிக் கத்தி, சாவணம் எல்லாவற்றையும் காரில் வைத்துப் பூட்டினேன். வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் காருக்குப் போய் வருவேன். என் வாழ்க்கை அந்த லட்சணத்தில் இருந்தது.

இதில் என்னைக் கொதிக்க வைத்தது எது தெரியுமா? மதியம் வரும் அந்த இந்தோனேசிய அக்காவிடம் அம்மா பூனைக்குட்டி. 'மாக், மாக்கான் லா மாக்', அம்மா சாப்பிடும்மா, என்று அவள் மலாயில் கொஞ்சினால் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். தலையை வாரச் சொல்லிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடி எல்லாம் எனக்கு, கொஞ்சல் எல்லாம் அவளுக்கு. பெற்ற பிள்ளை மலம் அள்ளுகிறேன், எனக்கு மட்டும் ஏன்? வஞ்சம் வைத்து அடிக்கிறாள் என்றே நினைத்தேன். "வெளிய போடா, இது என் வீடு" என்று கத்துவாள். "பாதி என்னுது" என்று நானும் கத்தியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கத்தினேன்.

பல் போன அன்று அக்கா ஷர்மினிக்கு ஃபோன் செய்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஜோகூர் பாருவில் வீடு, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை.

"நான் சொன்னேன்லா கமலா, முதியோர் இல்லத்துல விட்டுரலாம்னு. நீ கேட்டியா?"

"அம்மா வீடுக்கா இது. பாதி அவளுது. அவள அவ வீட்டுலேருந்து எப்புடி வெளிய அனுப்பறது?"

"வீட்ட வச்சி என்னாடா பண்றது? அவ உன்னக் கொன்னுருவா. இல்ல நீ..." அவள் நிறுத்திவிட்டாள்.

அவள் சொல்லாமல் விட்டதுதான் என் பயம். அடி வாங்குவது எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் வலது கை தானாகக் கொஞ்சம் மேலே வருவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் இடுப்பு வரைக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமை, வாயில் ரத்தத்தோடு, அது தோள் வரைக்கும் வந்தது. அது இறங்கிவிட்டால் அப்புறம் நான் யார்? அதனால் சரி என்றேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இல்லத்து ஃபாரத்தோடு வருவதாக அக்கா சொன்னாள். நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி நல்ல நைட்டி ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. கடைசியாகக் கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே. அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டதே என்ற எரிச்சலில் வழக்கத்தைவிடச் சத்தமாகவே கூப்பிட்டேன்.

"கிருஷ்ணம்மா! ஏ கிருஷ்ணம்மா! எழுந்திரு! இன்னைக்குச் சனிக்கெழம!"

துண்டுக்கு அடியில் இருந்தது இடிகல்லின் குழவி. கத்திகளை எல்லாம் ஒளித்தவனுக்கு மிளகு இடிக்கிற கல் ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் அடி முழங்கால் சில்லில் விழுந்தது. நான் மடங்கி அவள் காலடியில் விழுந்தேன். இரண்டாவது இடது காறை எலும்பில் பட்டு, உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் என் காதுக்கே கேட்டது. மூன்றாவதற்கு அவள் கை என் மண்டைக்கு நேராக உயர்ந்தது. கண்ணில் ஈரமே இல்லை. அவள் என்னைக் கொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் குனிந்து என் பெருவிரலைக் கடித்தாள், எலும்பு வரைக்கும்.

அப்போது என் வலது கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் அது என் கைதான். முழு அகலத்தோடு அவள் கன்னத்தில் இறங்கியது. குழவி தரையில் விழுந்து உருண்டது. எழுபத்திரண்டு வயது உடம்பு நாற்காலியோடு சாய்ந்து சுவரில் மோதிச் சரிந்தது.

அவள் கத்தவில்லை, திருப்பி அடிக்கவும் வரவில்லை. சுவரோடு ஒட்டி, முழங்காலை மார்போடு சேர்த்து, நீளாத அந்த இடது கையைத் தலைக்கு மேல் மடித்து வைத்துக்கொண்டாள். எங்கே எதை வைத்தால் எலும்பு தப்பும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. பிறகு, கூரைக்குக்கூடக் கேட்காத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"மெதுவா அடிங்க. புள்ளைங்க தூங்குதுங்க."

என் உயிர் அந்த இடத்திலேயே போயிருக்கலாம். போகவில்லை. நான் தவழ்ந்து கதவைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போனேன். கை ஓங்கினவன் வெளியே போக வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

அக்காவின் கார் கேட்டுக்கு எதிரே கதவு திறந்தபடி நின்றது. அக்கா அதில் இல்லை. சாலையின் அந்தப் பக்கம், சாக்கடை ஓரத்தில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, ஆபீஸ் கைப்பையைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். தான் எப்படி அங்கே போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தாள். வந்த வேகத்தில் என்னை ஓங்கி அறைந்தாள். உடைந்த பல் இருந்த பக்கம்.

"நீதான் கூப்புட்டியா? நீயாடா அவ பேரச் சொல்லிக் கூப்புட்ட?"

"மிஸி சொன்னிச்சிக்கா. பேரச் சொன்னாத்தான் அம்மாவுக்கு..."

"எத்தன நாளா?"

"அஞ்சு மாசம்."

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா சும்மா இருக்கறப்ப அவள 'இந்தா'ம்பாரு. 'ஏ புள்ள'ம்பாரு. பேரச் சொல்லவே மாட்டாரு. லயத்து முனையில நின்னுக்கிட்டு 'கிருஷ்ணம்மா'ன்னு முழுப் பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னா அன்னைக்கு அடி. அந்தச் சத்தம் கேட்டதும் நான் உன்னத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடிருவேன். இப்பவும் ஓடிட்டேன் பாரு. பாவி, இப்பவும் ஓடிட்டேன்டா."

எனக்கு ஓட்டம் ஞாபகமிருந்தது. அக்காவின் இடுப்பு, செம்பனை மரங்கள், பின்னால் நாய் குரைப்பது. எதற்கு ஓடினோம் என்பது மட்டும் ஞாபகமில்லை. நான் அந்தப் பேரைக் கேட்கும் தூரத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. தினமும் ஆறு தடவை, அவர் முகத்தோடு, அவர் கையோடு, அவள் கட்டிலுக்கு முன்னால் நின்று நானே அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறேன். அவள் பயந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து, குணமாகிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் பைத்தியம் பிடித்து என்னை அடிக்கவில்லை. அந்த ஆளை அன்றைக்கு அடிக்க முடியாத அடியை இன்றைக்கு அடித்தாள். நியாயமாகத்தான் அடித்தாள்.

உள்ளே தொங்காட் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. டொக், டொக். அம்மா வாசலுக்கு வந்தாள். இடது கன்னத்தில் என் விரல்கள் நாலும் வீங்கி எழுந்திருந்தன. கேட்டுக்குள் நின்று சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போல இருந்தது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னேன். "அம்மா."

அவள் கண்ணைச் சுருக்கினாள். "கமலாவா? என்னாடா வெயில்ல நிக்கிற? இன்னும் பள்ளிக்கூடம் போவலயா?" பிறகு கேட்டின் கம்பி வழியாகக் கையை நீட்டி, என் தாடையைப் பிடித்துத் தூக்கி, வாயைப் பார்த்தாள். "பல்லு எங்கடா? யாரு அடிச்சா?" அவள் குரல் இறங்கியது. "அவரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றேன்.

அம்மா துண்டின் நுனியால் என் உதட்டைத் துடைத்தாள். தன் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து, "உள்ள போ. அக்காளையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் இங்க நிக்கறேன்" என்றாள். தொங்காட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றாள். அந்தத் தளர்ந்த வலது கால் கிடுகிடுவென்று ஆடியது. அவள் யாரைத் தடுக்க நின்றாளோ அவன் அவள் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள் போனான்.

உள்ளே அக்கா கைப்பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள்.

"வேணாங்க்கா. வெளிய போறது அம்மா இல்ல, நான்தான். மதியத்துக்கு அந்த அக்கா வரும். காலையில மட்டும் நீ பாத்துக்க."

"நீ எங்கடா போவ?"

"பாசிர் கூடாங்ல ஃபேக்டரி ரூம் இருக்கு."

"தோளப் போய்க் காட்டு மொதல்ல. ரெண்டு வாரம் நான் லீவு போடறேன்." அவள் ஃபாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். "அப்புறம் வந்து பாத்துக்கலாம். மொதல்ல அந்த மீசைய எடு."

வலது கையால் மட்டும் துணிகளைப் பையில் திணிக்க நேரமானது. நான் பையோடு வெளியே வந்தபோது அம்மா இன்னும் கேட்டருகிலேயே நின்றிருந்தாள்.

"ஷிப்டாடா?"

"ஆமாம்மா. ஷிப்டு."

"நீ பயப்படாமப் போ. பாதி வீடு என் பேருல இருக்கு. அவரு வந்தா நான் உள்ள விட மாட்டேன்."

"விடாதம்மா," என்றேன்.

நான் வெளியே கால் வைத்ததும் அவள் கேட்டை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டியும் பார்த்தாள்.